கிளாஸ்கள் வாசலிலேயே கேட்டு வாங்கத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில், சேலத்திலிருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் எழுதிய கம்ப்யூட்டர் நிரல்களில், எந்தக் கிளாஸும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பெரிய நிரலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வேலை கொடுப்பார்கள். அந்தத் துண்டைத்தான் கிளாஸ் என்பார்கள். செய்தி அனுப்ப வேண்டிய கிளாஸ், ‘நியூ’ என்று ஒரு வரியைப் போட்டு, அனுப்பும் கருவியைத் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ளும். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை யாரும் குறையாக நினைக்கவில்லை.

அவர்கள் ஓர் அறக்கட்டளையின் ஆம்புலன்ஸுக்காக நிரல் எழுதிக்கொடுத்தார்கள். ஒரு மலை, அதில் முப்பது முப்பத்தைந்து ஊர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வண்டி. யாராவது உதவி கேட்டால், ஊரின் பெயரும் நோயாளியின் பெயரும் ஓட்டுநர் செங்கோடனின் போனுக்குப் போகும். செய்தி வந்ததும் அவர் வண்டியை எடுத்துவிடுவார். கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் கிடைக்காது என்பதால் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்.

அந்த நிரலை முதலில் எழுதியவர் வேதமாணிக்கம். ஆறு வருடம் அதை ஒருவராகவே பார்த்துக்கொண்டவர். பிறகு சுகந்தி வந்து சேர்ந்தாள். ஒரே அழைப்பு இரண்டு முறை பதிவாகிற தொல்லையைச் சரிசெய்யும் வேலை அவளுக்கு. மூன்று நாளில் முடித்தாள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதினாள். பட்டியலிலிருந்து கைக்கு வந்த ஊரைப் போட்டாள். நோயாளியின் பெயருக்கு என்ன போடுவதென்று யோசிக்காமல் ‘அஅஅ’ என்று அடித்தாள்.

“சார், இதை ஓட்டினா நிஜமாவே எங்கயும் போயிடாதே?” என்று கேட்டாள்.

வேதமாணிக்கம் தன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “டெஸ்ட் டேட்டாபேஸ்தானே வெச்சிருக்கே? ஒண்ணும் ஆகாது, ஓட்டு.”

அழைப்புகளைப் பதிந்துவைக்கும் டேட்டாபேஸ் மட்டும்தான் சோதனைக்கென்று மாறியிருந்தது. செய்தி அனுப்பும் நிஜக் கருவியை, அழைப்புகளைக் கவனிக்கும் அழைப்புக் கிளாஸ் எப்போதும்போல் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டது. அதை மாற்ற வெளியிலிருந்து வழியே இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த ‘நியூ’ வரியை எழுதியவர் வேதமாணிக்கம்தான். எழுதியதை மறந்திருந்தார். பிற்பகல் மூன்றேகால் மணிக்கு சுகந்தி டெஸ்டை ஓட்டினாள். எல்லாம் சரி என்று திரையில் பச்சை விழுந்தது. அவள் டீ குடிக்கப் போனாள்.

நாலேகாலுக்கு அலுவலக போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள்.

“மேடம், செங்கோடன் பேசறேங்க. நீங்க அனுப்பின ஊருக்கு வந்துட்டேன். இங்க கூப்பிட்டது யாருன்னே தெரியலீங்க. வீடு வீடா கேட்டுப் பாத்துட்டேன். நோயாளி பேரும் அஅஅன்னு வந்திருக்கு. அவசரத்துல அடிச்சுட்டாங்களோன்னு நெனச்சேன்.”

“அண்ணே, நீங்க எறங்கி வந்துடுங்க. அது வந்து... தப்பா வந்துடுச்சு,” என்றாள் சுகந்தி.

அதற்குள் மலையின் மறுபக்கத்திலிருந்து நிஜமான அழைப்பு ஒன்று வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. மிளகுத் தோட்டத்தில் ராசப்பன் என்பவரைப் பாம்பு கடித்திருந்தது. செங்கோடன் வளைவுகளில் இருந்ததால் அந்தச் செய்தி அவரை எட்டவில்லை. சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று சுகந்தியிடம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அது அவர் போனில் வந்து விழுந்தது. அங்கே போக இன்னும் ஒன்றரை மணி நேரம். ராசப்பனின் மனைவி வீரக்கா அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை. பலாப்பழம் ஏற்ற வந்திருந்த ஒரு மினி லாரியில் அவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனாள். அடிவாரம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

நான்கு நாள் கழித்து சுகந்தியும் வேதமாணிக்கமும் மலைக்குப் போனார்கள். போக வேண்டாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். வீரக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். வேதமாணிக்கம் ஏதோ சொல்லத் தொடங்கினார்.

“வண்டி எங்க போயிருந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க,” என்றாள் வீரக்கா.

சுகந்தி ஊரின் பெயரைச் சொன்னாள்.

“அங்க யாருக்கு முடியல?”

“யாருக்கும் இல்லைங்க. நான் கம்ப்யூட்டர்ல ஒண்ணு சோதிச்சுப் பாத்தேன். அது நிஜமாப் போயிடுச்சு.”

வீரக்கா திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இருவரும் திரும்பினார்கள். பேருந்தில் வேதமாணிக்கம் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார்: “நீ கேட்டே சுகந்தி. நான்தான் திரும்பிக்கூடப் பாக்கல.”

மறுநாள் அவர் அழைப்புக் கிளாஸைத் திறந்து அந்த ‘நியூ’ வரியை அழித்தார். எதன் மூலம் செய்தி அனுப்புவது என்பதை இனி அந்தக் கிளாஸ் முடிவு செய்யாது. பிறக்கும்போதே, கன்ஸ்ட்ரக்டர் என்கிற தன் வாசலில், ‘செய்தி அனுப்ப எனக்கு ஒன்று கொடுங்கள்’ என்று மட்டும் கேட்கும். என்ன கொடுப்பது என்பதை வெளியே ஓரிடத்தில் எழுதிவைத்தார். நிரலுக்கு அடித்தளமாக இருந்த ஃபிரேம்வொர்க்கே அதைப் படித்து எடுத்துக்கொடுக்கும்: மலையில் ஓடும்போது நிஜக் கருவி, டெஸ்டில் ஓடும்போது எங்கும் அனுப்பாமல் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும் பொய்க் கருவி. முதல் கிளாஸை மாற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

அதேபோல் எழுதியிருந்த வரிகள் இருநூற்றுக்கும் மேல் இருந்தன. அத்தனையையும் அவரே உட்கார்ந்து மாற்றினார். யாரையும் உதவிக்குச் சேர்க்கவில்லை. முடிந்த வாரத்தில் வேலையை விட்டுவிட்டார். சுகந்தி இருந்தாள். ஒரு டெஸ்டை ஓட்டும் முன்னால் அவள் விரல் பட்டன்மேல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும்.

அந்த வருடத்திலிருந்துதான், அந்த அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர் யாராக இருந்தாலும், தன் கிளாஸுக்கு வேண்டியதைக் கன்ஸ்ட்ரக்டரில் கேட்டு வாங்கத்தான் முதலில் கற்றுக்கொள்கிறார். அதற்கு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன் என்று பெயர் என்பதையும் அன்றைக்கே தெரிந்துகொள்கிறார். ராசப்பனின் பெயரை யாரும் சொல்வதில்லை.