நாச்சியின் சுண்டுவிரல்

சீடர் கடைக்குள் வந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். அலமாரிப் பக்கம் போய் ஒரு மூக்குக்கண்ணாடி ஃபிரேமை எடுத்து, போட்டுப் பார்க்காமலே திரும்ப வைத்தார்.

"டீச்சர், மொத்தத்தையும் அழிக்கப் போறேன்."

குரு ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எதை?"

"என் கதையை. மூணு வருஷமா எழுதுன எல்லாத்தையும்."

"அழிங்க" என்றார் குரு.

சீடர் இதை எதிர்பார்க்கவில்லை. மறுபடி உட்கார்ந்தார்.

இருவரும் 'ஏழாம் பாலம்' என்ற ஒலித்தொடரின் ரசிகர்கள். வெள்ளிக்கிழமை தோறும் செல்போனில் வருகிற நாடகம் அது. ஒரு ஆற்றின் மேல் ஆறு பாலம் கட்டிவிட்டு ஏழாவதைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் கரைக்குக் கரை கயிறு கட்டி, அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் படகு விடுகிறவள் நாச்சி. குரல் மட்டும்தான். அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

ரசிகர்கள் தங்களைப் பாலத்தார் என்று சொல்லிக்கொள்வார்கள். சிலர் நாச்சியைப் படமாக வரைந்து ரசிகர்களின் செல்போன் குழுவில் போடுவார்கள். சிலர் நாடகத்தில் வராத கதைகளை அவளுக்குத் தாங்களே எழுதிப் போடுவார்கள். சீடர் தவமணி எழுதுகிறவர். நாற்பத்தாறு வயது, விதைக் கிடங்கில் வேலை.

குரு ஃபௌசியா எழுதுவதுமில்லை, வரைவதுமில்லை. விருதுநகரில் கண் பரிசோதித்துக் கண்ணாடி விற்கிறார். எழுதுகிறவர்கள் போடுவதற்கு முன் அவரிடம் அனுப்பித் திருத்தி வாங்குவார்கள். கேலிக்குத்தான் முதலில் குரு என்றார்கள். பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. தவமணி மட்டும் டீச்சர் என்பார். தன்னைவிடச் சின்னவரை அப்படிக் கூப்பிட அவருக்குக் கூச்சமில்லை.

"மதுரைக் கூடுகைக்கு அறிவிப்பு வந்திருக்கு, பாத்தீங்களா?" என்றார் சீடர். "வரையிறவங்களுக்கு ஆளுக்கொரு மேஜை. ஸ்டிக்கர், கீசெயின் எல்லாம் பரப்பிக்கலாம். எழுதுறவங்களுக்கு என்னன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'வாங்கண்ணா, மத்தியானம் சாப்பாடு இருக்கு'ன்னாங்க."

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சீடர் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்துப் பார்த்தார். பைக்குள் போட்டார். உடனே மறுபடி எடுத்தார்.

"வரையிற ஷெரின் ஒரு படம் போட்டா, டீ ஆறுறதுக்குள்ள ஹார்ட்டா கொட்டுது. எனக்கு ஒருத்தன் எழுதுறான், 'சேவ் பண்ணி வச்சிருக்கேண்ணா, டைம் கிடைக்கிறப்ப படிக்கிறேன்'னு. போன தீபாவளிக்குச் சொன்னான். இன்னும் டைம் கிடைக்கல."

"அவருக்கு என்ன கஷ்டமோ."

"நீங்களும் கிண்டல் பண்ணாதீங்க டீச்சர். நெசமாவே கேக்குறேன். ஒரே நாச்சிதான். அவங்களும் அவளை நேசிச்சுத்தான் செய்றாங்க, நானும் நேசிச்சுத்தான் செய்றேன். அப்புறம் ஏன் படம்னா பெரிசு, எழுத்துன்னா சிறிசு?"

அப்போது மல்லாங்கிணற்றிலிருந்து சந்தனமாரி என்ற அம்மாள் கண்ணைக் காட்ட வந்தார். குரு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைக் காட்டினார்.

"எனக்கு எழுத்துத் தெரியாதே தாயி" என்றார் அந்த அம்மாள்.

குரு பலகையைத் திருப்பி மாட்டினார். பின்பக்கத்தில் எழுத்து இல்லை. மூன்று கோடு நீட்டிய ஒரே வடிவம், மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி இருந்தது. "கோடு எந்தப் பக்கம் பாக்குதுன்னு கையைக் காட்டுங்க, போதும்."

அந்த அம்மாள் கையை அசைத்து அசைத்துக் காட்டினார்.

சீடர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "புரிஞ்சுபோச்சு டீச்சர். படத்துக்குப் படிப்பு வேண்டாம். கண்ணிருந்தா போதும். அதானே சொல்ல வர்றீங்க?"

"நான் இவங்க கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றார் குரு. "நீங்க ஏன் அண்ணே நடுவுல பாடம் எடுத்துக்கிறீங்க?"

சீடர் வெளியே போனார். வெயிலில் நின்றார். பக்கத்துக் கடைக்காரர் "என்ன, கண்ணு தெரியலையா?" என்று கேட்கவும் உள்ளே வந்துவிட்டார்.

"வேற ஒண்ணு இருக்கு" என்றார். "அதைச் சொல்லாம சுத்திக்கிட்டிருக்கேன்."

"சொல்லுங்க."

"ஷெரின் போன வாரம் போட்ட படத்துல நாச்சிக்கு இடது கைச் சுண்டுவிரல் பாதிதான் இருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நாடகத்துல விரல் போகவே இல்ல. கயித்துல மாட்டி விரல் போனது என் கதையில. அது நான் எழுதுனது. உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"குழுவுல எல்லாரும் 'ஷெரின் எவ்வளவு கவனமா நாடகத்தைக் கேட்டிருக்காங்க பாருங்க'ன்னு எழுதுறாங்க. 'அது என்னோடது'ன்னு ஒரு வரி போட்டேன். ஒருத்தன் வர்றான், 'அண்ணா, நீங்க நாடகத்தை ஒழுங்கா கேக்கல போல, மூணாவது எபிசோடுல வருது'ன்னு. அவன் அவ்வளவு உறுதியா சொன்னதுல எனக்கே சந்தேகம் வந்து, பஸ்ல உக்காந்து மூணாவது எபிசோடை மறுபடி கேட்டேன்."

"இருந்துச்சா?"

"இல்ல. ஆனா கேட்டு முடிக்கிற வரைக்கும், எங்கடா இருந்துருமோன்னு பயம் டீச்சர்."

குரு சந்தனமாரி அம்மாளுக்கு ஒரு ஃபிரேமை மாட்டிப் பார்த்தார்.

"ஷெரின்கிட்டயே கேட்டேன். பதில் போட்டாங்க." சீடர் செல்போன் திரையைத் தள்ளிப் படித்தார். "'அண்ணா, சத்தியமா எங்க கேட்டேன்னு தெரியல. கண்ணை மூடினா நாச்சி கை எனக்கு அப்படித்தான் தெரியுது.'"

"மறுபடி படிங்க."

சீடர் மறுபடி படித்தார். "ஏன் டீச்சர்? இதுல ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல. கேக்க நல்லாருந்துச்சு."

நாடகம் வருகிற நேரமாகிவிட்டது. குரு தன் செல்போனை மேஜை மேல் வைத்து ஒலியைக் கூட்டினார். சீடர் வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மழைச் சத்தம். கயிறு முறுகுகிற சத்தம். படகில் புதிதாக ஏறிய ஒரு பெண் கேட்கிறாள், "அக்கா, உங்க கையில என்னாச்சு?"

நாச்சியின் குரல்: "கயிறு கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

சீடர் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த வரி அவருடையது. எழுத்துக்கு எழுத்து அவருடையது. முதலில் அவர் 'கயிறு கேட்டுச்சு, மறுபேச்சு இல்லாம குடுத்துட்டேன்' என்று எழுதியிருந்தார். நடுவில் இருந்ததை வெட்டியவர் குரு.

"யாருக்குப்பா விரல் போச்சு?" என்றார் சந்தனமாரி அம்மாள். "உங்க சொந்தமா?"

சீடர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்ச பொண்ணு" என்றார்.

"அய்யோ பாவம்."

நாடகம் முடிவதற்குள் குழுவில் செய்திகள் விழத் தொடங்கின. சீடர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

"'ஷெரின் முன்னாடியே வரைஞ்சிட்டாங்க, எப்படித் தெரிஞ்சது?' 'ஷெரினுக்கு ஞானக்கண்.' 'தவமணி அண்ணா, இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?'"

கடைசியைப் படித்துவிட்டு அவரே சிரித்தார். அது நன்றாக இல்லை.

"என் கதையை யாரும் படிச்சதாவே சொல்லல" என்றார். "படிக்காமலா டீச்சர் எல்லாருக்கும் அந்த விரல் தெரியுது? படம் போட்டவங்க கையில இருக்கு. நாடகம் எழுதுறவர் கையில இருக்கு. திட்டுறவன் வாயிலகூட இருக்கு. என்கிட்ட மட்டும் இல்ல."

குரு சந்தனமாரி அம்மாளின் ஃபிரேமில் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

சீடர் தன் கதைப் பக்கத்தைத் திறந்தார். மொத்தமாக நீக்கும் இடத்தைத் தொட்டார். நிச்சயமாக நீக்கவா என்று திரை கேட்டது. அப்படியே குருவின் முன்னால் நீட்டினார்.

"இப்ப அழிச்சேன்னா, விரல் என்னோடதுன்னு சொல்ல ஒரு எழுத்து மிஞ்சாது. வச்சிருந்தேன்னா, நாடகத்தைப் பாத்துக் காப்பியடிச்சுட்டான்னு சொல்வாங்க. தேதி போட்டிருக்குதான். யாரு தேதியைப் பாக்கப் போறா? நீங்களே சொல்லுங்க. அழிக்கவா, வைக்கவா?"

குரு திரையைப் பார்க்கவில்லை.

"நாச்சி எந்தக் கைப் பழக்கம்?" என்று கேட்டார்.

"என்ன?"

"வலது கையா, இடது கையா?"

"இடது."

"நாடகத்துல சொன்னாங்களா?"

"இல்ல."

"உங்க கதையில எழுதியிருக்கீங்களா? எனக்கு ஞாபகமில்ல."

சீடர் யோசித்தார். "இல்ல. இன்னும் எழுதல. ஆனா அவ இடது கைக்காரிதான்."

"விரல் போனதும் இடது கையில."

"ஆமா."

"படகு அக்கரையில சேந்ததும் கயித்தை முளையில கட்டணுமில்ல?"

"கட்டணும். கட்டலேன்னா தண்ணி இழுத்துட்டுப் போயிரும்."

"அப்ப, சுண்டுவிரல் இல்லாம, நாளைக்கு அவ எப்படி முடிச்சுப் போடுவா?"

சீடர் தன் இடது கையைப் பார்த்தார்.

திரை கேட்டதற்குப் பதில் தொடாமலே செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார். கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிற கயிறுகள் ஒரு கொக்கியில் தொங்கின. ஒன்றை உருவினார். சுண்டுவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, நாற்காலியின் கைப்பிடியில் சுற்றி இழுத்தார்.

நழுவியது.

மறுபடி சுற்றினார். பல்லால் ஒரு நுனியைக் கடித்து இழுத்தார். இந்தத் தடவை நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சி இப்படிக் கட்டமாட்டாள் என்று தோன்றியது. அவிழ்த்தார்.