மூக்காயியின் நான்கு மடைத் தண்ணீர்

கரிசல் காட்டுக் குளத்தங்கரையில் சில விலங்குகள் பருத்தி பயிரிட்டு வந்தன. விற்க அல்ல. மார்கழிக் குளிரில் குட்டிகளைப் பொதிந்து வைக்கத்தான்.

குளத்துக்கு மடைத்தலைவர் ஓர் எருமை. அவருக்கு அந்தப் பதவி கிடைத்த காரணம் எளிது. மடைவாயில் அவர் படுத்தால் தண்ணீர் நிற்கும். எழுந்தால் ஓடும். அவ்வளவு பொருத்தமான உடம்பு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் இல்லை.

அந்த ஆண்டு குளம் பாதிதான் நிரம்பியிருந்தது. ஆடிக் கடைசியில் எருமையார் கூட்டம் போட்டார்.

“ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஆறு மடைத் தண்ணி. ஒரு மடைன்னா தோட்டம் முழுக்க ஒரு தடவை நனையும். பஞ்சு எடுக்கிற வரைக்கும் அவ்வளவுதான். எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க. ஆனா அடிக்கடி கேக்காதீங்க. எனக்கு எந்திரிக்கிறது சிரமம்!”

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. விதைத்த முப்பதாம் நாள் மயில் அழகேசன் தோட்டங்களைச் சுற்றிப் பார்ப்பார். எது மிகப் பச்சையாக இருக்கிறதோ, அதற்குரியவருக்குப் பச்சைப் பட்டம். பட்டத்தோடு ஓர் உரிமையும் சேர்ந்து வரும். ஏதாவது தோட்டம் செத்துப் போயிருந்தால், அதன் மிச்சத் தண்ணீர் பட்டக்காரருக்கு.

பருத்தி வெடிப்பது ஐந்தாம் மாதம். பரிசு முதல் மாதம். இதில் கோளாறு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. பஞ்சு வரும்வரை காத்திருக்க அழகேசனுக்குப் பொறுமையும் இல்லை. தவிர, பஞ்சு வெள்ளை. அவருக்குப் பிடித்தது பச்சை.

போன ஆண்டு அந்தப் பட்டத்தை வாங்கியவள் வெள்ளெலி மூக்காயி. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் மார்கழியில் அவள் தோட்டத்தில் கிடைத்த பஞ்சு ஒரு குட்டியின் வயிற்றை மூடக்கூடப் போதவில்லை. அவளுக்கோ ஆறு குட்டிகள். பனி கொட்டிய ஒரு வாரத்தில் ஆறும் விறைத்துப் போயின.

செடிகளுக்கு அடியிலேயே அவற்றைப் புதைக்கக் குழி தோண்டினாள். அப்போதுதான் வேர்களைப் பார்த்தாள். இடுப்பளவு உயர்ந்த செடி. வேர் ஒரு சாண்கூட இறங்கவில்லை. தலைமாட்டிலேயே தண்ணீர் கிடைத்தபோது அது எதற்கு இறங்கும்? பந்தியில் உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்துகொண்டிருந்தால் யார்தான் எழுந்து போவார்கள்?

மண்ணை மூடும்போது மூக்காயி ஒரு முடிவு செய்துகொண்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. பட்டம் வாங்கியவள் சொன்னால் நம்புவார்கள். பட்டத்தைக் குறை சொன்னால் நம்பமாட்டார்கள்.

இந்த ஆண்டு அவள் விதைக்க ஒரு மடை வாங்கினாள். முளை மண்ணைப் பிளந்து வர, ஐந்தாம் நாள் உயிர்த்தண்ணீராக ஒரு மடை. மீதி நான்கு. அதோடு குளத்துப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

பக்கத்துத் தோட்டக்காரர் நரி சிங்காரம் அப்படி இல்லை. ஆறு நாளுக்கு ஒருமுறை குளத்தில் நின்றார்.

“ஐயா, மடை!”

“மறுபடியுமா?” என்று முனகிக்கொண்டே எருமையார் எழுவார்.

நரியின் செடிகள் குதித்துக்கொண்டு வளர்ந்தன. இலைகள் மினுமினுத்தன. எதிர்த் தோட்டத்து முயல் அங்கம்மா அதைப் பார்த்தாள். தன் தோட்டத்தைப் பார்த்தாள். அவளும் குளத்துக்கு ஓடினாள்.

மூக்காயியின் செடிகள் ஒரு சாண் உயரத்தில் நின்றன. இலைகள் சிறியவை. கருத்த பச்சை. உச்சி வெயிலில் அவை காதைத் தொங்கப் போட்டுவிடும்.

“என்னக்கா, பயிரைப் பட்டினி போடுறீங்க!” என்றாள் அங்கம்மா. “பாக்கவே பாவமா இருக்கு.”

“சாயங்காலம் வந்து பாரு, அங்கம்மா. நிமிந்துடும்.”

“சாயங்காலம் யாரு பாக்கப் போறா? மயில் வர்றது மத்தியானம்!”

வேலி மேல் சாய்ந்திருந்த நரி சிரித்தார்.

“விடு அங்கம்மா! பட்டம் வாங்கினவங்களுக்கு மண்டைக்கனம். தண்ணியை ஊறுகாய் போடுது மூக்காயி!”

“ஏன்ணே, நீங்க இப்பவே எல்லாத்தையும் விட்டுட்டா, பூக்கிறப்போ எதை விடுவீங்க?” என்று கேட்டாள் மூக்காயி.

“ஐப்பசி எதுக்கு இருக்கு? மழை கொட்டும்!”

“கொட்டலைன்னா?”

“ஐப்பசியிலே மழை இல்லாம இருக்குமா? பேச்சைப் பாரு!”

நரிக்கும் மழைக்கும் நேரடிப் பேச்சுவார்த்தை உண்டு என்று காட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னார்.

மூக்காயிக்கு மட்டும் உறுதி இல்லை. பகலில் செடிகள் துவளும்போதெல்லாம் அவள் குளத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள். ‘இன்று போய்க் கேட்டுவிடலாமா?’ என்று நினைப்பாள். பிறகு வளைக்குள் இறங்குவாள். விரலால் மண்ணைக் கிள்ளி உருட்டுவாள். உருண்டை நிற்கும். ஈரம் இருக்கிறது. தலைக்கு மேலே பார்ப்பாள். அவள் படுக்கையறைக் கூரையைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக வேர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. மேலே கிடைக்காத தண்ணீரைத் தேடி அவை கீழே வந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துவிட்டு மேலே வருவாள். விடியற்காலையில் செடிகள் நிமிர்ந்து நிற்கும். ‘சரி, இன்னும் பொறுக்கலாம்.’

முப்பதாம் நாள் வந்தது. அன்று காலைதான் நரி தன் ஆறாவது மடையைப் பாய்ச்சி முடித்திருந்தார். செடிகளின் முகத்தைக் கழுவிவிட்டதுபோல் இருந்தது.

மயில் அழகேசன் காலை முழுக்கத் தோகையைச் சீவிக்கொண்டிருந்துவிட்டு உச்சிவேளையில் புறப்பட்டார். நரியின் தோட்டத்தில் நின்றார்.

“ஆகா! என்ன பச்சை! என் கழுத்துக்கு அடுத்தபடி இதுதான்!”

பட்டம் நரிக்கு. முயலுக்கு இரண்டாம் இடம். பிறகு மயில் மூக்காயியின் தோட்டத்துக்கு வந்து மூக்கைச் சுளித்தார். எல்லாச் செடிகளும் தலை கவிழ்ந்து கிடந்தன.

“இது செத்துப் போச்சு!”

நரி காத்திருந்தவர்போல் முன்னால் வந்தார். “செத்த தோட்டத்துக்கு நாலு மடை எதுக்குங்க? முறைப்படி எனக்கு வரணும்.”

மூக்காயி ஓடி வந்து செடிகளுக்கு முன்னால் நின்றாள். அந்த நான்கு மடை போனால் பஞ்சு இல்லை. பஞ்சு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் தன் கையாலேயே குழி தோண்டிப் பார்த்தவள்.

“ஐயா, சாகலைங்க! வெயிலுக்குத் துவண்டிருக்கு. விடிஞ்சதும் வந்து பாருங்க. அப்பவும் படுத்திருந்தா நாலு மடையையும் அவருக்கே குடுத்துடுங்க!”

“கண்ணால பாத்தாச்சு! இனி என்ன பாக்கிறது?” என்று நரி குதித்தார். “எருமையாரே, இப்பவே மடையைத் திறங்க!”

கரைமேல் மடைவாயில் படுத்திருந்த எருமையாரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எருமையார் யோசித்தார். நீதி எந்தப் பக்கம் என்று அவர் யோசிக்கவில்லை. இப்போது திறப்பதென்றால் எழுந்திருக்க வேண்டும். நாளைக்கு என்றால் இன்று முழுவதும் படுத்திருக்கலாம்.

“நாளைக்குப் பாத்துக்கலாம்” என்று கண்ணை மூடினார்.

அந்தக் காட்டின் வரலாற்றில் சோம்பேறித்தனம் நியாயத்தின் பக்கம் நின்றது அந்த ஒரு நாள்தான்.

விடியலில் எல்லோரும் கூடினார்கள். மயில் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார். மூக்காயியின் தோட்டத்தில் ஒவ்வொரு செடியும் நேராக நின்றது. இலைகள் விரிந்து வெயிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தன.

“நேத்து நடிச்சிருக்கு!” என்று நரி கத்தினார்.

“செத்தது நிமிந்து நிக்காது” என்றார் எருமையார். “நாலு மடையும் மூக்காயிக்குத்தான். போங்க. நான் தூங்கணும்.”

மூக்காயி வென்றுவிட்டாள். வென்றவர்களுக்கு வருகிற நோய் அவளுக்கும் வந்தது. ‘பார்த்தீர்களா, நான் சொன்னேனே’ என்ற நினைப்பு அவள் நடையில் ஏறியது. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று மடையைத் தள்ளிப் போட்டாள். தண்ணீரைச் சேமிப்பது எதற்கு என்பதே அவளுக்குக் கொஞ்சம் மறந்துவிட்டது.

நாற்பதாம் நாளை ஒட்டிச் செடிகளில் சப்பை கட்டியது. பூவாக வேண்டிய சின்ன மொட்டுகள். ஒருநாள் விடியலில் இலைகள் நிமிரவில்லை. மூக்காயி பார்த்தாள். ‘ஒரு நாள்தானே, நாளைக்குப் போகலாம்’ என்றாள். மறுநாள் விடியலிலும் நிமிரவில்லை. வளையில் மண்ணைக் கிள்ளினாள். அது உருளாமல் பொடியாக உதிர்ந்தது. மேலே ஓடி வந்தாள். செடிகளின் அடியில் பதினோரு சப்பைகள் கிடந்தன.

அவள் குளத்துக்கு ஓடிய ஓட்டத்தை முயல்கூட ஓடியிருக்காது.

“ஐயா, மடை! எந்திரிங்க!”

“இப்பத்தான் படுத்தேன். நேத்து வந்திருக்கலாமில்ல?”

“நேத்து எனக்குப் புத்தி இல்லை! எந்திரிங்கய்யா!”

எருமையார் அசையவில்லை. மூக்காயி வேறு வழியில்லாமல் அவர் வாலைக் கடித்தாள். மடைத்தலைவர் அவ்வளவு விரைவாகக் கடமையாற்றியதை அன்றுதான் குளம் பார்த்தது.

தண்ணீர் பாய்ந்தது. ஆழத்தில் காத்திருந்த வேர்கள் குடித்தன. அதன் பிறகு சப்பை உதிரவில்லை. முதல் பூ விரிந்தபோது மீதி நான்கில் இரண்டாவது மடை கொடுத்தாள். இந்த முறை ஒரு நாளும் தாமதிக்கவில்லை. தோட்டமே மஞ்சளாகப் பூத்து நின்றபோது மூன்றாவது. காய்கள் திரளும்போது நான்காவது. விடியலில் செடியைப் பார்ப்பாள், வளையில் மண்ணைக் கிள்ளுவாள், பிறகுதான் போவாள். எருமையாரும் அவள் தலை தெரிந்தாலே வாலை ஒதுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஐப்பசி வந்தது. மழை வரவில்லை. அதற்கு வேறு ஊரில் வேலை இருந்திருக்கும். கார்த்திகையும் காய்ந்தது.

நரியின் செடிகள் இடுப்புயரம். அவ்வளவு இலைக்கும் தண்ணீர் வேண்டும். வேரோ ஒரு சாண். பூத்த பூவெல்லாம் காலையில் விரிந்து சாயங்காலம் தரையில் கிடந்தது.

நரி குளத்துக்கு வந்து கெஞ்சினார். “ஐயா, ஒரே ஒரு மடை!”

“உம்ம கணக்கு ஆறும் முடிஞ்சிருச்சு.”

“நான் பட்டம் வாங்கினவன்!”

“பட்டத்தைப் பாய்ச்சிக்க!”

அங்கம்மா கெஞ்சக்கூட வரவில்லை. உதிர்ந்த பூக்களைக் கூட்டி ஒரு மூலையில் குவித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்கழியில் மூக்காயியின் குட்டைச் செடிகள் வெடித்தன. பஞ்சு வளை கொள்ளாமல் வந்தது. அந்த வாரமே அவளுக்கு ஆறு குட்டிகள் பிறந்தன. கழுத்துவரை பஞ்சில் பொதிந்து வைத்தாள். மிச்சத்தில் ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு அங்கம்மாவின் புதருக்குப் போனாள்.

“எடுத்துக்க. உன் குட்டிங்க என்ன பண்ணும்?”

“அக்கா, நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“அன்னைக்குச் சொன்னா நீ கேட்டிருப்பியா?”

அங்கம்மா பஞ்சை வாங்கிக்கொண்டாள். “இல்லக்கா.”

நரி யாரிடமும் கேட்கவில்லை. அவர் ஒரு கூட்டம் கூட்டினார். விளைச்சல் ஏன் போயிற்று என்று நெடுநேரம் பேசினார். மழையின் மேல் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. பச்சை போதவில்லை என்பதே மயிலின் கருத்து. ஆகவே அடுத்த ஆண்டு பட்டம் முப்பதாம் நாளுக்குப் பதில் இருபதாம் நாளே வழங்கப்படும் என்று ஒருமனதாக முடிவானது. எருமையார் தூங்கிக்கொண்டிருந்ததால் அவரும் சம்மதித்ததாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

மூக்காயி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவள் வளைக்குள் இருந்தாள். வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குட்டியின் மூக்கிலும் தன் மூக்கை வைத்துப் பார்த்தாள். ஒன்று சூடாக இருந்தது. இன்னொன்று சூடாக இருந்தது. ஆறாவது தும்மியது. மூக்காயி அதற்கு இன்னும் கொஞ்சம் பஞ்சை இழுத்து மூடினாள்.

கையில் இருப்பது கொஞ்சம் என்றால், அதை ஊர் பார்க்கும் நாளில் கொட்டித் தீர்க்காமல், தேவைப்படும் நாளில் தயங்காமல் செலவழிப்பதே அறிவு.