பேதைமங்கலத்துப் பாதுகாப்பு அட்டை

பேதைமங்கலம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், குனிந்து தங்கள் காலடியைக் காட்டி, "இதோ, இங்கதான்" என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊருக்கும் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதற்குப் பதிவாளர் மாசிலாமணி.

மாசிலாமணிக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. அவருடைய ஒரே மகள் பூங்கோதைக்குக் கடற்கரைப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த நேரம் பார்த்தா தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா காரில் வந்து இறங்க வேண்டும்!

"இனிமே உங்க பிள்ளைங்க வேற பல்கலைக்கழகத்துக்குப் போனா, டிஜிட்டல் பாதுகாப்பு அட்டை இருக்கணும். இல்லன்னா கேட்டுலயே நிறுத்திடுவாங்க. அந்த அட்டை போற இடமெல்லாம் உடம்போட ஒட்டினாப்ல கூடவே வரணும். நகல் எடுக்க முடியக் கூடாது. கடவுச்சொல் யாருக்கும் தெரியக் கூடாது. ரெண்டு படியில சரிபார்க்கணும். சீக்கிரமா திட்டம் போடுங்க" என்று படபடவென்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் அந்த அம்மா போய்விட்டார்.

உடனே திட்டக்குழு கூடியது. பதிவாளர் மாசிலாமணி, தேர்வு அதிகாரி அங்கயற்கண்ணி, நூலகர் சிதம்பரநாதன் மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அட்டைன்னா எந்த அட்டை?" என்று ஆரம்பித்தார் சிதம்பரநாதன். "புத்தகத்துக்குப் போடுற அட்டையா இருக்குமோ?"

"புத்தக அட்டை உடம்புல ஒட்டுமா சார்?" என்று கேட்டார் அங்கயற்கண்ணி.

"ஒட்டாது மேடம்."

"அப்ப உடம்புல ஒட்டுற அட்டை எது?"

மூன்று பேரும் யோசித்தபடி ஜன்னல் வழியே பார்த்தார்கள். குளத்திலிருந்து ஓர் எருமை கரையேறி வந்துகொண்டிருந்தது. அதன் தொடையில் கறுப்பாய், கொழுகொழுவென்று, ஒட்டின இடத்தை விடாமல் தொங்கிக்கொண்டிருந்தது ஓர் அட்டை.

"அடடா!" என்றார் மாசிலாமணி. அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "எம்பொண்ணு பொழச்சா!"

"அவசரப்படாதீங்க" என்றார் அங்கயற்கண்ணி. "பாதுகாப்பு சரி. ஆளோட ரத்தத்தையே உள்ள வாங்கி வச்சுக்குது, அதைவிடப் பெரிய அடையாளம் வேணாம். ஆனா டிஜிட்டல்னு சொன்னாங்களே?"

சிதம்பரநாதன் கம்ப்யூட்டர் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி அடுக்கி வைத்தவர். அதனால் அவருக்கு விஷயம் தெரியும். "டிஜிட்டல்னா ஒண்ணும் பூஜ்யமும்தான் மேடம். அட்டை ஒட்டினா ஒண்ணு. விழுந்தா பூஜ்யம்."

திட்டம் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரு கூடை அட்டையைப் பிடித்துக்கொண்டு முதலில் ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். கண்ணாடிமேல் ஓர் அட்டையை வைத்து மூடியதும் தாளில் ஒரு கறுப்புத் தீற்றல் வந்தது. மாசிலாமணி அந்தத் தாளைத் தன் கையில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். கடிக்கவில்லை. "நகல் எடுக்க முடியல! பாஸ்!" என்று கத்தினார். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வேற கடை கிடைக்கலையா சார் உங்களுக்கு?" என்றார்.

அடுத்தது கடவுச்சொல். அங்கயற்கண்ணி காதில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அட்டையிடமும் ஏதோ கிசுகிசுத்தார்.

"பூங்கோதைக்கு மட்டும் சொல்லிடுங்களேன்" என்று கெஞ்சினார் மாசிலாமணி.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னா யாருக்கும்தான். எனக்கே தெரியக் கூடாதுன்னுதானே காதைக் கட்டினேன்?"

பிறகு கொத்தனாரை வரவழைத்து, ஏறுவதற்கு ஒன்றுமில்லாத வெறும் மைதானத்தில் இரண்டு படி கட்டினார்கள். முதல் படியில் அட்டையை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாம் படியில் வைத்துப் பார்த்தார்கள். அதே அட்டைதான். சரிபார்ப்பு முடிந்தது.

பூங்கோதைக்கு என்று துறுதுறுவென்று இருந்த ஒன்றைத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியைச் சிதம்பரநாதன், "பேக்கப் வேணும் சார்" என்று பத்திரமாக ஒரு பாட்டிலில் போட்டு மூடினார். அது ஊறுகாய் பாட்டில். விடிந்து பார்த்தால், அடியில் கிடந்த உப்புப் பட்டு ஒன்றும் மிச்சமில்லை.

"டேட்டா எல்லாம் போச்சு" என்றார் சிதம்பரநாதன், இழவு வீட்டில்போலத் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு.

ஆக, பூங்கோதையின் படிப்பு அந்த ஒற்றை அட்டையில் தொங்கியது. திங்கட்கிழமை காலை அதை அவள் முழங்கையில் விட்டு, மேலே கைக்குட்டையால் கட்டி, மாசிலாமணி தானே பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். கைப்பிள்ளைக்காரி போல அவளும் கையை ஆட்டாமல் அசைக்காமல் உட்கார்ந்து வந்தாள். ஆனால் புது ஊருக்குப் போகிற பெண் வறண்டுபோய்த் தெரியக் கூடாது என்று, அவள் அம்மா காலையில் கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவி அனுப்பியிருந்தாள். இதை யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை.

கடற்கரைப் பல்கலைக்கழகத்து வாசலில் காவலாளி கேட்டார்: "அட்டை இருக்காம்மா?"

"கேட்டுக்கு மூணு படி இருக்கே! நீ ரெண்டாவதுல நில்லும்மா" என்றார் மாசிலாமணி.

பூங்கோதை இரண்டாம் படியில் நின்று கைக்குட்டையை அவிழ்த்தாள். கை பளபளவென்று இருந்தது. அட்டையைக் காணோம்.

"அப்பா! என் சீட்டு போச்சேப்பா!" என்று அங்கேயே குந்தி அழ ஆரம்பித்தாள்.

மாசிலாமணிக்கு உலகமே இருண்டது. கூடவே, கெண்டைக்காலும் அரித்தது. பேண்டைச் சுருட்டினார். அங்கே, எருமையிடம் பார்த்ததைவிடக் கொழுகொழுவென்று தொங்கியது பாதுகாப்பு அட்டை.

"இருக்குங்க! இருக்கு!"

காவலாளி அவர் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இவர்களை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று, "யார்கிட்ட அட்டை இருக்கோ அவங்கதான்யா உள்ள போகலாம்!" என்றார்.

"பிடுங்கி என் கையில விடுங்கப்பா" என்றாள் பூங்கோதை.

மாசிலாமணி பதறிப்போனார். "ஒருத்தர் அட்டையை இன்னொருத்தர் உபயோகிக்கிறதா? ஒரு பதிவாளரே அதைச் செய்யலாமா?" நெடுநேரம் நின்று யோசித்தார். பிறகு மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "சீட்டு வெளியாளுக்குப் போகலையே, அந்தமட்டும் சந்தோஷம்."

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன் பெஞ்சுல உக்காருங்கப்பா. கண்ட பசங்களோட சுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்து, காலியாகக் கிடந்த பதிவாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். காவலாளி சிரித்து முடித்துக் கேட்டைச் சாத்துவதற்குள் மாசிலாமணி வகுப்புக்கே போய்விட்டிருந்தார்.

மறுநாள் அதிகாரியம்மா போன் செய்தார். பூங்கோதை எடுத்தாள். "திட்டம் எந்த அளவுல இருக்கு? அட்டையை எங்க வேணா எடுத்துட்டுப் போக முடியுதா?"

"எடுத்துட்டே போக வேணாங்க மேடம். அதுவே நம்மளை எடுத்துட்டுப் போயிடுது."

"அப்படியா! ரொம்ப நல்லது. பதிவாளர் எங்கம்மா?"

"அப்பா இன்னும் ஒண்ணுலதான் இருக்கார் மேடம்" என்றாள் பூங்கோதை. "பூஜ்யம் ஆனதும் வந்துடுவார்."