காவலில்லாத உப்புச் சந்தை

முன்னொரு காலத்தில், கோபம் வந்தால் தலை வாங்குவதும் குஷி வந்தால் பொன் கொடுப்பதுமாக ஒரு ராஜா இருந்தார். அவர் ஊர்ச் சந்தையில் உப்புக்கு நெல் மாற்றித் தந்த தரகன், ஜனங்கள் நம்பி ஒப்படைத்த மூட்டைகளை வாரிக்கொண்டு ஓடிவிட்டான்.

“தரகனே இல்லாத சந்தை வேண்டும்! காவல் கூடாது, பூட்டுக் கூடாது, ஒருவரை ஒருவர் நம்ப வேண்டிய தேவையும் கூடாது. யாரால் முடியும்?” என்று கர்ஜித்தார் ராஜா.

அரண்மனை விகடன் சடையாண்டிக்கு நாக்கு எப்போதும் புத்திக்கு முன்னால் ஓடும். “அடியேனால் முடியும், அரசே” என்றுவிட்டான்.

கருவூல அதிகாரி உத்தமராயருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. “பிரபு, சந்தை நாளன்று அந்திக்குள் உப்புக் குவியல் தீர்ந்து தரை தெரிந்தால், இவன் தலையை எடுத்துவிடலாமே?” என்று தேனாகக் குழைந்தார். ராஜா தலையசைத்தார்.

“உங்க வாய்க்கு என் தாலியா கூலி?” என்று மனைவி பச்சையம்மை அழுதாள். சடையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தை நாள் வந்தது. ஊரார் கூடிக் கொட்டிய உப்பு ஒரு குவியல், நெல் பத்து வண்டி இன்னொரு குவியல். நடுவில் ஒரு கல்லில் விதி: ‘உப்பு பாதியானால் நெல் இரட்டிப்பாகியிருக்க வேண்டும்; நெல் பாதியானால் உப்பு இரட்டிப்பாகியிருக்க வேண்டும். எல்லோரும் பார்க்கவே மாற்ற வேண்டும்.’ மாற்றும் வரை அவரவர் மூட்டை அவரவர் கையில். கணக்குத் தப்பினால், நிற்கிற யாரும் தடுக்கலாம்.

உத்தமராயர் வண்டிகளோடு வந்தார். பத்து வண்டி நெல் கொட்டிப் பாதி உப்பை அள்ளினார். எஞ்சியதில் பாதிக்கு இருபது வண்டி ஆயிற்று. தலை வெட்டும் சேவகன் வாளைத் தீட்ட ஆரம்பித்தான். தரகன் இருந்தால் காலில் விழலாம், குவியலிடம் எப்படிக் கெஞ்சுவது என்று தவித்தான் சடையாண்டி. விதியை எழுதியவன் அவன்தான். ஆனால் நிறுத்தும் அதிகாரம் அவனுக்கும் இல்லை.

அதிலும் பாதிக்கு நாற்பது வண்டி. ராயரின் பத்தாயம் காலியாயிற்று. உப்போ இன்னும் இரண்டு கூடை கிடந்தது.

“இதற்கு எவ்வளவு?” என்று மூச்சிரைத்தார் ராயர்.

“ஒரு கூடைக்கு எண்பது வண்டி, ஐயா. கடைசிக் கூடையிலும் பாதி பாதியாகத்தான் எடுக்கலாம். நாட்டு நெல் முழுதும் கொட்டினாலும் ஒரு கல் உப்பு மிஞ்சும்” என்றான் சடையாண்டி.

இதற்குள் ஜனங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உப்புக்கு இவ்வளவு நெல்லா! வீட்டுப் பானையிலிருந்த உப்பையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். படி உப்பு கொடுத்தவர்கள் மூட்டை மூட்டையாக ராயரின் நெல்லைச் சுமந்து போனார்கள். அந்தி சாயும்போது உப்புக் குவியல் பழையபடி நிமிர்ந்து நின்றது.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சடையாண்டி, இன்றுமுதல் இந்தச் சந்தைக்கு நீயே தலைவன்!”

சடையாண்டி தொபுக்கென்று காலில் விழுந்தான். “வேண்டாம் அரசே! தலைவன் என்று ஒருவன் இருந்தால் நாளைக்கு அவனை மிரட்டலாம், வாங்கலாம், அவனே ஓடியும் போகலாம். இன்று ராயர் மிரட்ட ஆளில்லாமல்தானே தோற்றார்?”

ராஜா இன்னும் உரக்கச் சிரித்து, தம் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சில்லென்று ஏதோ பட்டதும், வாள்தான் வந்துவிட்டது என்று சடையாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.