ரூபிகாவின் நாற்காலி

வடசென்னையில், மழை வந்தால் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அதன் தரைத்தளத்தில் இளைஞர் மையம் ஒன்று நடந்துவந்தது. படிப்பு, வேலைப் பயிற்சி, தலைமைப் பண்பு என்று எல்லாம் அங்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நெடுமாறன். முப்பது வயது. பைக் மெக்கானிக் வகுப்பு எடுக்கிறவர் சாலமன் மாஸ்டர். ஒரு காலத்தில் மாறன் கையில் ஸ்பானரைக் கொடுத்துத் தொழில் பழக்கியவர் அவர்தான். இப்போது அவருக்கு லீவு வேண்டுமென்றால் மாறனிடம்தான் கேட்க வேண்டும். ஆனாலும் மாறன் இன்றுவரை அவர் எதிரில் உட்கார்ந்து பேசியதில்லை.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிதி கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் பார்வையிட வரும் நாளில், அங்கே படித்த பிள்ளை ஒன்று மைக் முன்னால் நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். வெற்றிக் கதை என்று அதற்குப் பெயர். அதற்கு ஒத்திகையெல்லாம் நடக்கும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே கண் கலங்க வேண்டும், கலங்கின கண்ணோடு எப்படிச் சிரிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். என்னத்தைச் சொல்ல, அதுவும் ஒரு பயிற்சிதான்.

மெக்கானிக் வகுப்பில் படித்த ரூபிகா அதில் கெட்டிக்காரி. அப்பா செத்துப்போன இடத்தில் நிறுத்துவாள். எச்சில் விழுங்குவாள். கடைசியில், "இன்னைக்கு நான் வேலைக்குப் போறேன், என் சொந்தக் கால்ல நிக்கிறேன்" என்று முடிப்பாள். வந்தவர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள்.

உண்மையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கவில்லை.

"கெடைக்கத்தானே போகுது. கொஞ்சம் முன்னாடியே சொல்றோம், அவ்ளோதான். இதுல என்னம்மா பொய் இருக்கு?" என்று அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தது மாறன்.

ஒருவழியாக அந்த வேலையும் வந்தது. மாஸ்டர் நாயாய் அலைந்து, அம்பத்தூரில் ஒரு பைக் ஷோரூமில் பேசிவைத்தார். பொம்பளைப் பிள்ளையா, மெக்கானிக்கா என்று சிரித்த மேனேஜர், சரி, வந்து வேலை செய்து காட்டட்டும் என்று இறங்கிவந்தார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னார்.

ரூபிகாவின் அம்மாவும் ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"இந்த வேலை கெடைச்சா போ, நான் குறுக்க நிக்கல. இல்லாட்டி வர்ற தையில என் தம்பிக்குக் கழுத்த நீட்டு. இதுக்கு மேல என்னால ஊருக்குப் பதில் சொல்ல முடியாது."

மாமனை ரூபிகாவுக்கு அறவே பிடிக்காது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாறனுக்குப் போன் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்களாம். மாறன் பட்டறைக்கு ஓடிவந்தான். மாஸ்டர் ஒரு பழைய எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ரூபிகா நாளைக்குப் பேசிட்டுப் போகட்டும். பத்து மணிக்கு ஆரம்பிச்சா பத்தரைக்கு விட்டுடலாம்."

"வேற பிள்ளையே இல்லையா?"

"இருக்குதுங்க. அவ சொல்ற மாதிரி வராது. நிதியை நிறுத்திடலாமான்னு பாக்கத்தான் இந்தத் தடவை வராங்க. நிறுத்தினா மையத்தை மூட வேண்டியதுதான். நூறு பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கும். நூறு பேருக்காக ஒருத்தி அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தா தப்பா மாஸ்டர்? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் தலை நிமிரவில்லை.

"அந்த நூறுல அவளும் உண்டா?"

மாறன் நேராக ரூபிகாவிடம் போனான்.

"நீங்க கேட்டு நான் எப்படிண்ணா மாட்டேன்னு சொல்றது?" என்றாள் அவள். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாஸ்டர் இரண்டு ஹெல்மெட்டுகளோடு வாசலில் பைக்கைப் போட்டுக்கொண்டு நின்றார். பத்து மணி ஆனது. யாரும் வரவில்லை. ரூபிகா துவைத்த சுடிதாரோடு மைக் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதோ, பாலத்துகிட்ட வந்துட்டாங்களாம்மா" என்றான் மாறன்.

பதினொன்று ஆனது.

"அனுப்பிடு மாறா."

"அஞ்சே நிமிஷம் மாஸ்டர். இப்ப வந்துடுவாங்க."

அந்த அஞ்சு நிமிஷம் பன்னிரண்டு மணி வரை நீண்டது. கார்கள் வந்தன. சால்வை போர்த்தினார்கள், டீ கொடுத்தார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். பிறகுதான் ரூபிகாவைக் கூப்பிட்டார்கள். மாஸ்டர் இன்னும் வாசலில்தான் நின்றார்.

அன்று ரூபிகா சொல்லிக்கொடுத்த இடத்தில் அழவில்லை. தன் பெயரைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள். தேம்பிக்கொண்டே கதையைச் சொன்னாள். சொந்தக் கால் வரியையும் விடாமல் சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த கம்பெனிக்கார அம்மா ஒருத்தி மனசு உருகிக் கேட்டாள்.

"எங்கம்மா வேலை பாக்குற?"

ரூபிகா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இங்கதான் மேடம். இதான் என் வேலை."

"பாத்தீங்களா, இங்க படிச்ச பொண்ணு இங்கயே வேலை பாக்குது!" என்று அந்த அம்மா பூரித்துப்போனாள். கூடமே கைதட்டியது. மாறனும் தட்டினான். எல்லோரும் அவளை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

நிதி வந்தது. ஷோரூம் வேலை போனது. மாறன் போன் செய்து கெஞ்சிப் பார்த்தான்.

"பொண்ணுங்கன்னா இப்படித்தான்னு எனக்கு அப்பவே தெரியும் சார்" என்று மேனேஜர் வைத்துவிட்டார்.

ரூபிகா மையத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். மாறன் ஒரு நாள் வீட்டுக்கே போனான். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நிச்சயம் பண்ணியாச்சு தம்பி. பத்திரிகை வைக்க நானே வரேன்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவன் குரல் கேட்டதும் அது நின்றது. யாரும் வெளியே வரவில்லை.

மாஸ்டர் அதற்குப் பிறகு மாறனோடு வேலை விஷயம் தவிர வேறு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கொஞ்ச நாளில் வேறொரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. மாறன் மறுபடியும் பட்டறை வாசலில் போய் நின்றான்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடுங்க மாஸ்டர். கன்னத்துல வேணா அறைங்க. இப்படி இருக்காதீங்க."

மாஸ்டர் சாக்குத் துணியில் கையைத் துடைத்தார்.

"அதுக்கா வந்தே?"

"நாளைக்கு ஆளுங்க வராங்க. யாரைப் பேச வைக்கிறதுன்னு தெரியல. ரூபிகா மாதிரி ஒருத்தரும் இல்ல."

மாஸ்டர் எழுந்து கூடத்துக்குப் போனார். மாறன் பின்னாலேயே போனான். மூலையில் சாய்த்துவைத்திருந்த இரும்பு நாற்காலி ஒன்றை எடுத்து, விரித்து, மைக் பக்கத்தில் போட்டார். ரூபிகா உட்கார்ந்திருந்த அதே இடம்.

"இதைக் காட்டு."

"நாற்காலியையா?"

"ஆமா. இதுல உக்கார வேண்டிய பொண்ணு வேலைக்குப் போயிடுச்சு, அதான் வரலன்னு சொல்லு."

"அவ வேலைக்குப் போகலையே மாஸ்டர்."

"நீ அவளைச் சொல்ல வச்ச அன்னைக்கெல்லாம் மட்டும் போயிட்டு இருந்தாளா?" என்றார் மாஸ்டர்.