முள்ளெலி சொன்ன சாட்சி

மிருகமும் செடியும் மனிதரோடு பேசிப் பழகிய அந்தக் காலத்தில் முள்ளெலிக்கு முள் கிடையாது. உடம்பெல்லாம் மெத்தென்ற மயிர்தான்.

மூன்று வருடமாக மழை இல்லை. கரட்டுமலைச் சுனையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. சுனையைக் காத்துவந்த மாடத்தி எல்லா உயிர்களையும் கூப்பிட்டாள்.

"அவரவர் இனத்தோட வந்து நில்லுங்க. இனத்துக்கு ஒரு பங்கு. தனியா வந்தா பங்கு கிடையாது."

முள்ளெலி எலிகளோடு போய் நின்றது. மூத்த எலி அதை மேலும் கீழும் பார்த்தது.

"நீ பூச்சி தின்கிறவன். உன் பல்லும் எங்க பல்லும் ஒண்ணா? பேருதான் எலி. தள்ளிப் போப்பா."

முள்ளெலி கூனிக்குறுகி விலகி வந்த வழியில், மொட்டைப் பாறைமேல் துளிப் பச்சைப் பாசி காய்ந்துகொண்டிருந்தது. வேர் இல்லையென்று செடிகள் அதை விரட்டியிருந்தன. பக்கத்தில் ஒரு பூஞ்சை பசியில் கிடந்தது. தனக்கு வேண்டிய உணவை உண்டாக்க அதற்குத் தெரியாது.

"வெயில் சுடுதே, அண்ணே," என்றது பாசி.

முள்ளெலி இரண்டையும் வயிற்றோடு சேர்த்து அணைத்துச் சுருண்டுகொண்டது. பகல் முழுக்க வெயில் அதன் முதுகில் இறங்கியது. மயிரெல்லாம் காய்ந்து விறைத்து முள்ளாயிற்று. வலி பொறுக்க முடியவில்லை. ஆனாலும் அது அசையவில்லை. உள்ளே பூஞ்சை பாசியைப் பொத்தி ஈரம் காத்தது. பாசி தன்னிடமிருந்த உணவைப் பூஞ்சைக்கு ஊட்டியது.

பொழுது சாயும் நேரம் முள்ளெலி சுருளை அவிழ்த்தது. மாடத்தி வந்து, அதன் வயிற்றடியில் பாசியும் பூஞ்சையும் பின்னிக்கிடப்பதைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன இனம்?"

"கல்பாசி, ஆத்தா. ஒரே இனம்," என்றது முள்ளெலி.

"ரெண்டு உயிராவுல்ல தெரியுது?"

"பிரிச்சா ரெண்டும் செத்துப்போகும். அப்போ ஒண்ணுதானே?"

மாடத்தி சுனைக்குத் திரும்பி நடந்தாள். கை நிறைய நீர் அள்ளி வந்து பாறையில் தெளித்தாள்.

"சரி, உன் இனம் எங்கே?"

"கரட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு மூணு பேர் இருக்கோம். அவ்வளவுதான்."

மாடத்திக்குத் திக்கென்றது. "நூறு எலி செத்தாலும் எலி மிஞ்சும். நீங்க போயிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்? கூட்டத்தைப் பார்த்துப் பங்கு வச்சது என் தப்புப்பா. முதப் பங்கு உங்களுக்குத்தான், குடி."

பாசியும் பூஞ்சையும் ஒன்றையொன்று விடாமல் கல்பாசியாகப் பாறையில் ஒட்டிக்கிடப்பது அன்றிலிருந்துதான். முள்ளெலியும், ஆள் அரவம் கேட்டதும், வயிற்றுக்குள் யாரையோ காப்பதுபோல இன்றும் சுருண்டுகொள்கிறது.