ஏழு கோட் பச்சை

"ஜெபசீலன் சாருக்க பைக்கு கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு. மூச்சுதான் இல்ல."

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ சொன்னது ஷெட்டுக்குள் நன்றாகவே கேட்டது. ஜெபசீலனின் காது சிவந்தது. ரெஜினா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

ஜெபசீலன் நாகர்கோவிலில் இன்சூரன்ஸ் அதிகாரி. ஐம்பத்தாறு வயது. ரெஜினாவுக்கு இருபத்தொன்பது, சொந்தமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிறாள். ஞாயிறுதோறும் அவளிடம் வண்டி வேலை கற்பதால் அவர் அவளை 'ஆசானே' என்றுதான் கூப்பிடுவார்.

வண்டி, அறுபத்திரண்டாம் வருடத்துக் குட்டி டூ-ஸ்ட்ரோக். மூன்று வருடம் தேடிப் பழைய பார்ட்ஸ் புத்தகம் வாங்கினார். டேங்க் மூடிக்கு அடியில் நகக்கண் அளவு தப்பியிருந்த பெயிண்டை வைத்து அசல் பச்சையைக் கண்டுபிடித்தார். அதன்மேல் மனைவியின் விரல்கூடப் பட விடமாட்டார்.

நாளைக் காலை பழைய வண்டிகளின் ஊர்வலம். பேர் கொடுத்தாயிற்று. வண்டி இன்னும் ஒருமுறைகூட ஸ்டார்ட் ஆகவில்லை.

"பிளக் புதுசு. காயில் புதுசு. ஒயர் எல்லாம் புதுசு. பிறகும் ஏன் ஆசானே கரண்ட் வரல்ல?"

ரெஜினா ஒரு துண்டு ஒயரை எடுத்தாள். ஒரு முனையைக் காயிலின் கிளாம்பில் வைத்தாள். மறுமுனையை ஃப்ரேமில் பெயிண்ட் படாத ஒரு போல்ட்டில் அழுத்தினாள்.

"பிளக்கைக் கழற்றி என்ஜின் மேல வையுங்க. இப்ப மிதிங்க."

மிதித்தார். பிளக் நுனியில் நீலமாக ஒரு பொறி.

"வந்துட்டு! ஆசானே, வந்துட்டு!" மறுபடி மிதித்தார். மறுபடி பொறி. சட்டை நனைய ஏழெட்டு முறை மிதித்தார்.

ரெஜினா ஒயரை எடுத்துவிட்டாள். "இப்ப?"

மிதித்தார். பொறி வரவில்லை.

"எர்த் கிடைக்கல்ல," என்றார்.

"எப்படிக் கிடைக்கும்? காயில் உட்காருற இடத்திலயும் ஏழு கோட் பெயிண்ட் அடிச்சிருக்கீங்களே. பெயிண்ட் வழியா கரண்ட் போகாது."

"அந்த ஒயரை அப்படியே கட்டிரலாமே!"

"கட்டலாம். உங்க புத்தகத்தில அப்படி ஒரு ஒயர் இருக்கா?"

கிரீஸ் கையோடு பக்கங்களைப் புரட்டினார். இல்லை.

"அப்ப கம்பெனியில எப்படி ஓட்டினானுக?"

"அவனுக அங்க பெயிண்ட் அடிக்கல்ல, சார்."

ஜெபசீலன் பச்சையைப் பார்த்தார். குரல் இறங்கியது. "எவ்வளவு சுரண்டணும்?"

அவள் உப்புத்தாளை நீட்டினாள். "இரும்பு தெரியும்வர."

ஜெபசீலன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வண்டியருகே மண்டியிட்டார். பச்சைத் தூள் பறக்கச் சுரண்டினார்.